குத்தினதாலா, குத்தின பிறகா?

போன வாரம், அலுவலகத்தில் தட்டெழுதும் உங்களில் ஒருவர் ஒரு கட்டுரைப் பிரதியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆராய்ச்சிக் கட்டுரை, இங்கிலீஷில். அச்சுக்குப் போவதற்குள் ஒரு பக்கம் குறைக்க வேண்டுமாம். "அம்மா, இதுல இந்தத் 'தேர்ஃபோர்', 'ஹவெவர்', 'ஆல்தோ' எல்லாத்தையும் எடுத்துட்டா ஒரு பக்கம் மிச்சமாகும். அழகுக்குத்தானே போடுறாங்க, எடுத்துடலாமா?" என்று கேட்டார். நான் தேநீர்க் கோப்பையை டக்கென்று கீழே வைத்தேன். அவர் பயந்தே போனார். அவசரத்தில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அறிக்கைகளும் கட்டுரைகளும் உங்கள் கைவழியாகத்தான் வெளியே போகின்றன. நீங்கள் எல்லோரும் படியுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். பேராதனையில், தேயிலை நோய்களை ஆராயும் ஒரு சிறிய அலுவலகம். கண்டிக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தட்டெழுத்துப் படித்திருந்தேன். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். நான் உட்காரும் கதிரையைக் கூடச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார்கள், யாருக்கும் சங்கடம் இருக்கக் கூடாது என்று. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. இங்கிலீஷ் வாக்கியங்கள் நாள் முழுவதும் என் விரல்வழியாக ஓடுகின்றன என்ற சந்தோஷத்திலேயே மிதந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் முதல் தவற்றைச் செய்தேன்.

தோட்டங்களுக்கு அனுப்ப ஒரு துண்டறிக்கை வந்தது. தேயிலைச் செடியில் பூச்சித்தூள் தூவுவது பற்றி. ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தது ஒரே நீண்ட வாக்கியம்: பனி ஈரம் இருக்கும்போது தூவினால் தூள் இலையில் ஒட்டும், ஆனால் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், ஆகையால் மழையில்லாத நாட்களில் மட்டும் விடியற்காலையில் தூவ வேண்டும். எனக்கு அந்த வாக்கியம் மூச்சுமுட்டியது. அழகாக மூன்றாக வெட்டினேன். 'ஆனால்', 'ஆகையால்' என்பவற்றுக்கான இங்கிலீஷ் சொற்களைத் தூக்கி எறிந்தேன். தூள் ஈர இலையில் ஒட்டும். மழை தூளைக் கழுவிவிடும். மழையில்லாத நாட்களில் காலையில் தூவவும். மூன்று வரி, மூன்று எண். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது!

இரண்டு வாரம் கழித்து ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து, அதாவது அங்கே மேலாளராக இருந்த வெள்ளைக்காரரிடமிருந்து, கடிதம் வந்தது. அவர் முதலாம் எண்ணை மட்டும்தான் படித்திருக்கிறார். ஈர இலையில் ஒட்டும் என்றால் நல்ல ஈரம் வேண்டும் என்று நினைத்து, கொட்டுகிற மழையில் நாற்பது பேரை இறக்கித் தூவச் சொல்லியிருக்கிறார். தூள் முழுவதும் ஓடையில் போய்விட்டது.

தலைமை எழுதுவினைஞர், அதாவது எங்கள் ஹெட் கிளார்க், என்னைக் கூப்பிட்டார். கண்டி நகரத்து முஸ்லிம் பெரியவர், குரல் உயர்த்தாத மனிதர். என் மூன்று வரியையும் கையெழுத்துப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மகள், நீங்க எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல. மூணும் உண்மை. ஆனா எது எதுக்காகச் சொன்னதுன்னு தெரியாமப் போச்சே?"

நான் அழுதேன்.

"அழ வாணாம். இனிமே ஒரு சொல்லையும் தொட வாணாம். ஒங்கட வேல டைப் அடிக்கிற. எழுதுற அவங்கட வேல. விளங்கினா?"

விளங்கியது. அன்றிலிருந்து ஒரு காற்புள்ளியைக் கூட நான் நகர்த்தவில்லை. ஆனால் அன்றிலிருந்துதான் அந்தச் சொற்களைப் பார்க்கவும் தொடங்கினேன். அதுவரைக்கும் 'பிளைட்', 'ஃபங்கஸ்' போன்ற பெரிய நோய்ச் சொற்கள்தான் என் கண்ணில் படும். இப்போது 'பட்', 'வைல்', 'அன்லெஸ்' எல்லாம் எழுந்து நிற்கத் தொடங்கின. எந்த வாக்கியம் எதன்மேல் சாய்ந்திருக்கிறது, எது தலைவாக்கியம், எது அதன் கீழே அடங்கிய துணைவாக்கியம் என்று பார்ப்பது எனக்குப் பைத்தியமாகிவிட்டது. பஸ்ஸில் போகும்போது சோப்பு விளம்பரத்தைக் கூடப் பிரித்துப் பார்ப்பேன்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போன பிறகுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே ஏழாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிகள் திட்டுத் திட்டாகச் செத்துக்கொண்டிருந்தன. தோட்டத்தில் மலை என்றால் ஒரு வேலைப்பகுதி. அந்த மலையில் முள்ளுக் குத்துவதற்கு, அதாவது இரும்பு முள்ளால் செடியடி மண்ணைக் கிளறுவதற்கு, அந்த வருஷம் ஒரு புதுக் கூட்டத்தை இறக்கியிருந்தார்கள். பதினாறு குடும்பங்கள், அவர்களுக்குத் தலைவராக ஒரு கங்காணி. அவர்கள் கண்டபடி குத்தி வேரைக் காயப்படுத்தியதால்தான் செடி சாகிறது என்று அந்தத் தோட்டத்துத் துரைக்குச் சந்தேகம். எங்கள் அலுவலகத்துக்கு எழுதி, அறிக்கை கேட்டிருந்தார்.

போய்ப் பார்த்து வந்தவர் எங்கள் உதவி ஆராய்ச்சியாளர். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் படித்தவர், அவருடைய இங்கிலீஷைப் பெரிய அதிகாரியான வெள்ளைக்காரரே மெச்சுவார். அவருடைய கையெழுத்துப் பிரதியைப் பெரிய அதிகாரி பார்த்து, ஓரத்தில் நீலப் பென்சிலால் கையொப்பமும் போட்டாகிவிட்டது. நான் தட்டெழுத வேண்டியதுதான் பாக்கி. அறிக்கையை வாங்கிக்கொண்டு போகத் தோட்டத்துத் தபால்காரர் காலையிலேயே வந்து வெளி விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். நாலு மணி பஸ்ஸைப் பிடித்து இருட்டுவதற்குள் துரையின் கையில் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

சூசை என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். தண்ணீர் குடிக்க நான் வெளியே வந்தபோது எழுந்து நின்றார்.

"உக்காருங்க. இன்னும் நேரமாகும்."

"ஆகட்டுங்கம்மா." கொஞ்சம் தயங்கினார். "அந்தக் கடுதாசியில என்னாங்கம்மா எழுதியிருக்கு?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

"தெரியுமுங்க. சும்மா கேட்டேன். அந்தப் பதினாறு வீட்டுலயும் சட்டி பானையக் கட்டி வச்சிட்டு ஒக்காந்திருக்காங்க. கடுதாசி வந்தா பத்துச்சீட்டுன்னு தோட்டத்துக் கிளாக்கரய்யா சொல்லிட்டாராம். சீட்டுல 'வேலை கெடுத்தவன்'னு எழுதிட்டா வேற எந்தத் தோட்டத்துல சேத்துக்குவாங்க?"

பத்துச்சீட்டு என்பது வேலையிலிருந்து நிறுத்திக் கையில் கொடுக்கும் சீட்டு. எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நான் பிறந்ததே அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். முடிவுப் பகுதியை அடிக்கத் தொடங்கினேன். அதில் இரண்டே வாக்கியங்கள். முதலாவது 'ஆல்தோ' என்று ஆரம்பித்தது. முன்பு வெட்டிய நிழல் மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணுக்குள் இருந்தபோதிலும், ஏழாம் மலையில் செடிகள் திட்டுத் திட்டாகச் சாகின்றன, 'சின்ஸ்' ஒரு புதுக் கூட்டம் அங்கே முள்ளுக் குத்த இறக்கப்பட்டது. இரண்டாவது வாக்கியம், 'தேர்ஃபோர்', அந்த வேலையை அந்தக் கூட்டத்தின் கையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

சூசை கேட்ட கேள்வி காதில் இருந்தது. சொல்லக் கூடாதுதான். ஆனாலும் மனதுக்குள் அவருக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'புதுக் கூட்டம் முள்ளுக் குத்தின...' அதற்கு மேல் நாக்கு நகரவில்லை.

குத்தினதாலா? குத்தின பிறகா?

உங்களுக்குத் தெரியும், 'சின்ஸ்' என்ற சொல் இரண்டுக்கும் வரும். அன்றிலிருந்து என்றும் பொருள், அந்தக் காரணத்தால் என்றும் பொருள். இங்கிலீஷில் அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு எந்தப் பக்கமும் சாயாமல் போய்விடலாம். தமிழில் முடியாது! வினையின் வாலில் 'ஆல்' போடுகிறாயா, 'பிறகு' போடுகிறாயா, சொல்லிவிட்டுப் போ என்று நம் மொழி கையைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுபடி படித்தேன். முதல் வாக்கியத்தைத் தனியே படித்தால் வெறும் காலம்தான். அவர்கள் வந்த நாளிலிருந்து சாகிறது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாக்கியம் 'தேர்ஃபோர்' என்று தொடங்கியதும், அந்த 'ஆகையால்' நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும். படிப்பவன் மனம் தானாகத் திரும்பிப் போய் 'சின்ஸ்'ஐக் காரணமாக மாற்றிவிடுகிறது. அந்தக் கூட்டம்தான் செடியைக் கொன்றது என்று ஆராய்ச்சியாளர் எங்குமே எழுதவில்லை. இரண்டு இணைப்புச் சொற்கள் சேர்ந்து எழுதிவிட்டன.

இன்னொன்றும் கண்டேன். அடிக்கட்டைகள்! தேயிலையில் வேர்நோய் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மண்ணுக்குள் கிடக்கும் செத்த மரக்கட்டையை. நான் அடித்த எத்தனையோ அறிக்கைகளில் அது இருக்கிறது. ஆனால் இங்கே அது 'ஆல்தோ' என்ற துணைவாக்கியத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. 'இருந்தபோதிலும்' என்று ஒன்றைச் சொன்னால், அதை இனி எண்ணாதே என்றுதான் கேட்பவருக்குப் படும்.

காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமை எழுதுவினைஞரிடம் ஓடினேன். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, நீலப் பென்சில் கையொப்பத்தைக் காட்டினார்.

"எங்கட பெரிய துரை பாத்து முடிஞ்சது மகள். இதுல கை வைக்க எனக்கும் ஏலா, ஒங்களுக்கும் ஏலா."

"நான் தொடலைங்க. எழுதினவர்கிட்ட கேட்கலாமில்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு யுகம் துடைத்த மாதிரி இருந்தது. "கேக்குற தப்பில்ல," என்றார் கடைசியில். "நான் வெளிய இருக்குற ஆளுக்குத் தேத்தண்ணி குடுக்கச் சொல்றேன். போங்க."

உதவி ஆராய்ச்சியாளர் நுண்நோக்கியில் குனிந்திருந்தார். நான் அவருடைய அறைக்குள் கூப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை.

"என்ன பிள்ளை? எழுத்து விளங்கேல்லையோ?"

"விளங்குதுங்க ஐயா. இந்தச் 'சின்ஸ்' காலமா, காரணமான்னு கேட்க வந்தேன்."

அவர் நிமிர்ந்தார். "இலக்கணப் பிழை இருக்கோ?"

"இல்லீங்க. இலக்கணம் சரி. தமிழ்ல சொல்லிப் பாத்தேன், சொல்ல முடியலை."

"தமிழிலை சொல்லச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

நான் காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

"நீர் அந்தத் தோட்டப் பக்கத்திலையிருந்து வந்தபடியால்தானே இப்பிடிக் கதைக்கிறீர்?"

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எனக்கு எதுவும் தோன்றியதில்லை. யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"ஐயா, இப்ப 'வந்தபடியால்'னு சொன்னீங்க. 'வந்ததிலேயிருந்து'ன்னு சொல்லலை. நான் அங்கேயிருந்து வந்ததுதான் காரணம்னு நேரா சொல்லிட்டீங்க. நேரா சொன்னதால நான் இல்லைன்னு வாதாடலாம். இதையே இங்கிலீஷ்ல 'சின்ஸ்'னு சொல்லியிருந்தா, என்ன குற்றம் சொல்றீங்கன்னே தெரியாம நின்னிருப்பேன். அந்தப் பதினாறு குடும்பமும் அப்படித்தான் நிக்கப் போறாங்க."

சொல்லி முடித்ததும் வேலை போனது என்றே நினைத்தேன். ஆனால் அவர், நான் எதிர்பார்க்கவே இல்லை, சிரித்துவிட்டார். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து.

"ஓம், சொன்னனான்தான். 'வந்தபடியால்' எண்டுதான் சொன்னனான்!"

சிரிப்பு நின்றதும் அவர் மறுபடி காகிதத்தைப் படித்தார். இந்தத் தடவை உதடு அசைந்தது. அவரும் தமிழில் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. இரண்டாம் வரியில் உதடு நின்றுவிட்டது. அலுமாரியைத் திறந்து தம்முடைய குறிப்பேடுகளை இழுத்துப் போட்டார்.

"அந்தத் தோட்டத்துக்குப் பெப்ரவரியிலையும் ஒருக்காப் போனனான். வேறை விசயமாய். பூச்சி பார்க்க." பக்கங்களைத் தள்ளினார். "ஏழாம் மலையைத் தாண்டித்தான் நடந்தனான்... பாரும், இஞ்சை பாரும்!"

பக்க ஓரத்தில், பென்சிலால், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. ஏழாம் மலை, மேல் ஓரம், அடிக்கட்டைக்குப் பக்கத்தில் மூன்று செடி செத்திருக்கிறது.

"புதுக் கூட்டம் எப்ப முள்ளுக் குத்த இறங்கினது? துரையின்ரை கடிதத்திலை அது இல்லை," என்றார்.

"வெளியில தோட்டத்துத் தபால்காரர் இருக்காருங்க."

அவரே எழுந்து விறாந்தைக்குப் போனார். சூசை தேநீர்க் கோப்பையோடு துள்ளி எழுந்தார்.

"ஏழாம் மலையிலை அந்தப் புது ஆக்கள் எப்ப வேலை துவங்கினவை?"

சூசை என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "பெரிய வெள்ளி முடிஞ்சு, பாஸ்கு கழிச்சுத்தாங்க எறங்குனாங்க. நல்லா ஞாபகம் இருக்குங்க. பாஸ்குக்குக் கோயிலுக்குப் போனப்போ அவுங்க வந்த புதுசு, இன்னும் வேலை குடுக்கலை."

பாஸ்கு, அதாவது ஈஸ்டர் திருநாள், எந்த வருஷமும் பெப்ரவரியில் வராது. அப்படியானால் 'குத்தினதால்' மட்டுமல்ல, 'குத்தின பிறகு' என்பதும் நிற்காது. செடி சாகத் தொடங்கியபோது அவர்கள் அந்த மலையில் கால் வைக்கவே இல்லை.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் அந்தப் பக்கத்துப் பெண் என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. வேறு தோட்டமாக இருந்து, சூசையும் வந்து நிற்காமல் இருந்திருந்தால், அந்தச் 'சின்ஸ்'ஐ நான் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். எனக்கு அந்த மனிதர்கள்மேல் இருந்த ஒட்டுதல்தான் என்னை நிறுத்தியது. ஆனால் நிறுத்தியதோடு அதன் வேலை முடிந்தது. அதற்கு மேல் பேசியது குறிப்பேடு.

மணி இரண்டரை. உதவி ஆராய்ச்சியாளர் பெரிய அதிகாரியின் அறைக்குப் போனார். இடையில் பலகைத் தடுப்புதான், ஆகவே எல்லாம் கேட்டது. தாம் பார்த்துக் கையொப்பமிட்டதை ஏன் மாற்ற வேண்டும், அங்கே ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறாரே என்று இங்கிலீஷில் ஒரு குரல். அதற்கு எங்கள் ஆளின் குரல்: "நான் எழுதியது எனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகச் சொல்கிறது, சேர்."

தம்முடைய இங்கிலீஷைப் பற்றி அவ்வளவு பெருமை வைத்திருந்த மனிதர் அதைச் சொன்னார். தலைமை எழுதுவினைஞர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

வெளியே வந்தவர் கையில் பிரதி இருந்தது. முடிவுப் பகுதி முழுவதற்கும் குறுக்கே நீலக் கோடு. "ஐஞ்சு வரியிலை எழுதட்டாம். பஸ்ஸுக்கு முன்னம்," என்றார். கண் பளபளத்தது. "வாரும், இரும். மெஷினிலையே நேரை அடிப்பம்."

அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்! அவர் எனக்குப் பின்னால் நின்று வாக்கியம் சொல்வார். நான் அடிக்காமல் அதைத் தமிழில் திருப்பிச் சொல்வேன். தமிழில் முட்டினால் அவர் இங்கிலீஷை மாற்றுவார். அடிக்கட்டைகளை 'ஆல்தோ'வுக்குள்ளிருந்து வெளியே எடுத்துத் தலைவாக்கியமாக முன்னால் வைத்தோம். பெப்ரவரியில், அடிக்கட்டை ஒன்றின் பக்கத்தில், மூன்று செடிகள் செத்துக் கிடந்தன. அடுத்த வாக்கியம் 'அட் தட் டைம்' என்று தொடங்கியது. அந்தச் சமயத்தில் புதுக் கூட்டம் இன்னும் வேலைக்கு இறக்கப்படவில்லை. காலத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் காலத்தைத் தவிர வேறெதையும் சொல்லாத சொல். அடுத்தது, இப்போது செடி சாகும் திட்டுகளும் அடிக்கட்டைகள் உள்ள இடங்களில்தான் இருக்கின்றன. அதன்மேல்தான் 'தேர்ஃபோர்'ஐ வைத்தோம். ஆகையால் கட்டைகளைத் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் 'தேர்ஃபோர்' போய் உட்கார்ந்தபோது நான் கையைத் தட்டிவிட்டேன். அதற்கு அடியில் இப்போது நிற்பதற்கு இடம் இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதன் முடிவில் கால் வைத்து ஏறியது.

"நாலு வரிதான் ஆச்சுங்க," என்றேன்.

"ஐஞ்சாவது இருக்கு. முள்ளுக் குத்தினது நோய் பரவ உதவினதோ எண்டு இன்னும் தெரியாது. அதையும் போடும்."

என் கை நின்றது. "அது வேணுமாங்க? அதைப் பிடிச்சுக்கிட்டுத் துரை மறுபடி அவங்களையே..."

"எனக்குத் தெரியாது, பிள்ளை. தெரியாதெண்டதை விடேலாது. இவ்வளவு நேரமும் நீர் எனக்குச் சொன்னது அதுதானே?"

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அவருக்குச் சாதகமான சொல்லை நான் எடுக்கச் சொன்னேன், அவர் எடுத்தார். எனக்குச் சாதகமில்லாத சொல்லை அவர் போடச் சொல்கிறார், நான் போட வேண்டும். அடித்தேன். அதை மட்டும் நான் தமிழில் திருப்பிச் சொல்லவில்லை.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெரிய அதிகாரி கையொப்பமிட்டார். தலைமை எழுதுவினைஞர் உறையை ஒட்டிக் கொடுத்தார். சூசை வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், சந்தியைப் பார்த்து ஓடினார். பஸ் வரும் சத்தம் கேட்டது. ஐம்பது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

பிறகு பத்து நாள் ஒரு செய்தியும் இல்லை. தபால் வரும்போதெல்லாம் ஓடிப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாளே தலைமை எழுதுவினைஞர், "நீங்க அனுப்பினது கடுதாசி மகள், புள்ளையல்ல," என்று சொல்லிப் பார்த்தார். பதினோராம் நாள் துரையின் பதில் வந்தது. நன்றி ஒன்றும் இல்லை. முள்ளுக் குத்துவதை நிறுத்தி, அதே கூட்டத்தைக் கட்டை தோண்ட விட்டிருப்பதாகவும், வந்து பார்க்கலாம் என்றும் இரண்டு வரி. பத்துச்சீட்டு கொடுக்கவில்லை. அதுவரைக்கும் போதும் என்று நான் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

உதவி ஆராய்ச்சியாளர் கோட்டை மாட்டிக்கொண்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "வாறீரோ? குறிப்பெடுக்க ஓர் ஆள் வேணும்."

தட்டெழுத்துப் பெண்ணை மலைக்குக் கூட்டிப் போவது அந்த அலுவலகத்தில் அதுவரை நடந்ததில்லை. தலைமை எழுதுவினைஞர் நிமிர்ந்து பார்த்தார், பார்க்காத மாதிரி மறுபடி குனிந்துகொண்டார்.

ஏழாம் மலை செங்குத்தாக இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். மேல் ஓரத்தில் ஆண்களும் பெண்களுமாக ஒரு குழியைச் சுற்றி நின்று கட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி எங்களைக் கண்டதும் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர், முகமெல்லாம் வியர்வை.

"ஐயா, எங்களால இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களாமே. கும்புடுறேங்க."

நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன், இந்த உதவி ஆராய்ச்சியாளர் இன்றைக்காவது ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும் என்று.

"அப்பிடி நான் எழுதேல்ல," என்றார் அவர். "நீங்கள் வாறதுக்கு முன்னமே செடி செத்தது எண்டு எழுதினனான். உங்கடை வேலையால கூடினதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாதெண்டுதான் எழுதினனான்."

கங்காணி அதை யோசித்தார். பின்னால் நின்றவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"தெரியாததுக்கு எங்கள வெரட்டலைங்களே," என்றார் கங்காணி. "அது போதுங்க."

திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்தார். ஒரு சத்தம் கொடுத்து எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். கட்டை முறுக்கிக்கொண்டு, வேர் அறும் ஓசையோடு, மண்ணைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து உருண்டது. அதன் அடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக நூல். பூஞ்சணம்! கட்டையின் வேருக்கும் பக்கத்துத் தேயிலை வேருக்கும் இடையே அறுபடாமல் ஓடியிருந்தது. உதவி ஆராய்ச்சியாளர் கோட்டோடு சேற்றில் முழந்தாளிட்டுவிட்டார். நானும் பாவாடை நனைவதைப் பார்க்காமல் குனிந்தேன். கூட்டத்துப் பெண்கள் எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

"எழுதும், எழுதும்!" என்று கத்தினார். நான் பென்சிலை எடுத்தேன். அவர் இங்கிலீஷில் தொடங்கினார், கட்டையின் வேரிலும் தேயிலையின் வேரிலும் ஒரே பூஞ்சணம் காணப்பட்டது என்று. அதன் பிறகு ஓர் இணைப்புச் சொல் வர வேண்டும், ஆனால் நோய் முதலில் வந்தது கட்டையிலா செடியிலா என்று தெரியாமல் எதை வைப்பது? அவர் வாயைத் திறந்தார். மூடினார். சேற்றில் இருந்தபடியே தலையைத் திருப்பிக் கங்காணியைப் பார்த்தார்.

"இந்த மரத்தை எப்ப தறிச்சவை? உங்களுக்குத் தெரியுமோ?"

கங்காணி தமக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டு, பழைய ஆட்களில் ஒருவரைக் கேட்டு வருவதாகச் சொல்லி மலையில் இறங்கத் தொடங்கினார். அவர் திரும்பி வரும்வரைக்கும் நாங்கள் இருவரும் பாதி வாக்கியத்தோடு அங்கேயே இருந்தோம்.